ஏழாவது மூச்சில் கு. வந்தது

இந்த ஊரில் ஆண்டுக்கு ஒருமுறை ஒரே மணி நேரம் இரண்டு தடவை வருகிறது. நாங்கள் இங்கிலாந்தில் லீட்ஸுக்கு வந்த முதல் ஆண்டு, அக்டோபர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டுக்கார அம்மாள் மிஸஸ் ஹார்ட்லி படியேறி எங்கள் அறைக்கு வந்தாள். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினாள். பெரிய முள்ளை ஒரு முழுச் சுற்றுப் பின்னால் தள்ளினாள். மறுபடி மாட்டிவிட்டு, சீசன் மாறிவிட்டது என்று மட்டும் சொல்லிக் கீழே போய்விட்டாள். பதினேழு வயதிலிருந்து ஒரு நாள் விடாமல் நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். அந்த நாளுக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதுவது? இருபத்தைந்து என்று எழுதி, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவைத்தேன். என் மனைவி உலகம்மாளுக்கு அந்தப் பேச்சில் ஒரே ஒரு சொல்தான் பிடிபட்டது. "சீசன்னு சொல்லுதாளே, இங்கனயும் அருவி இருக்கா?" என்று கேட்டாள்.

தென்காசிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் சீசன் என்றால் ஒன்றுதான். ஆனி பிறந்து, செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கி, வெயிலுக்குள்ளேயே சாரல் தூவி, குற்றாலத்தில் தண்ணீர் விழத் தொடங்கினால் அது சீசன். ஒருவரையொருவர் பார்த்தால் "சீசன் எப்படி?" என்றுதான் கேட்போம். அதற்குத் தண்ணீர் விழுகிறதா என்று அர்த்தம். வெளியூர்க்காரர்களுக்கு அது குளியல், கொண்டாட்டம். எங்கள் வீட்டில் மட்டும் அந்தச் சொல்லைக் கேட்டால் நான் போய் மருந்து இருக்கிறதா என்று பார்ப்பேன். உலகம்மாளுக்கு மூச்சு இழுப்பு நோய் உண்டு. வெயில் காலம் போய்ச் சாரல் காலம் வருகிற அந்த இடைப்பட்ட பத்துப் பதினைந்து நாட்களில்தான் அது வரும். இங்கே லீட்ஸில் அந்த இடைப்பட்ட காலம் முடிவதே இல்லை. பனிமூட்டமும் கரிப்புகையும் ஒன்றாகச் சேர்ந்து சன்னலுக்கு வெளியே நிற்கின்றன. நான் தபால் பிரிக்கும் கூடத்தில் வேலைக்குப் போய்விட்டு வருவதற்குள், அவள் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து, முழங்காலில் முழங்கையை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருப்பாள்.

அப்படி உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துத்தான் மிஸஸ் ஹார்ட்லி ஒருநாள் ஏதோ சொல்லியிருக்கிறாள். நான் வந்ததும் உலகம்மாள் முகம் மலர்ந்து, "எனக்கு யோகம் இருக்குன்னு அந்த அம்மா சொல்லுதா. செவ்வாக்கிழமையாம்" என்றாள். ஏதோ நல்ல காலம் பிறக்கப் போவதாக வெள்ளைக்காரி சோசியம் சொன்னதாகவே அவள் எடுத்துக்கொண்டாள். கீழே போய் விசாரித்தேன். நூலகத்தின் மாடியில் செவ்வாய்தோறும் மாலை ஆறு மணிக்கு யோகா வகுப்பு நடக்கிறதாம், மூச்சுக்கு நல்லதாம். "உங்கள் நாட்டுச் சரக்குதானே, உங்கள் மனைவிக்குச் சுலபமாக வரும்" என்றாள் மிஸஸ் ஹார்ட்லி. நூலகத்துக்குப் போகிற வழியில் பஸ் நிற்குமிடத்தின் சுவரில் யாரோ சாக்குக்கட்டியால் இரண்டு சொற்கள் எழுதியிருந்தார்கள். எங்களைப் போன்றவர்களை ஊருக்குப் போகச் சொல்லும் சொற்கள். "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள். "விளம்பரம்" என்றேன்.

வகுப்பில் இருபது பேர், எல்லோரும் பெண்கள். வாத்தியார் மிஸ் க்ளார்க் என்ற ஒல்லியான அம்மாள். கையில் பச்சை அட்டை போட்ட புத்தகம். நான் மொழிபெயர்க்க வந்தவன் என்பதால் பின்னால் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். அறைக்குள் காற்று இல்லை, சன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. இருந்தும், முதுகு மேற்கே இருக்கும்படி எல்லோரும் கிழக்கு பார்த்து உட்கார்ந்தார்கள். மிஸ் க்ளார்க் புத்தகத்தைப் பார்த்து எண்ணினாள். ஆறு உள்ளே, பன்னிரண்டு நிறுத்து, ஒன்பது வெளியே. நான் நாற்காலியில் நிமிர்ந்தேன். பன்னிரண்டுக்குப் பின் ஒன்பது என்ற கணக்கு எனக்குத் தெரிந்த எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. முதல் மூச்சு, இரண்டாவது, மூன்றாவது என்று போய், ஏழாவது மூச்சு வந்தது. இருபது பெண்களும் கண்ணைத் திறக்காமல், இடது கையால் தரையை ஒரே ஒரு தட்டுத் தட்டினார்கள். உலகம்மாள் திரும்பி என்னைப் பார்த்தாள். வாய்விட்டே சொன்னாள்: "இங்கேருங்க, இது நம்ம குரங்குல்லா!"

அந்தக் குரங்கின் கதையைச் சொல்ல வேண்டும். நான் அப்போது தென்காசித் தாலுகா அலுவலகத்தில் எழுத்தர். வேலையோடு வேலையாக, அலுவலக முற்றத்தில் இருந்த மழைமானியைத் தினமும் காலை எட்டு மணிக்குப் பார்த்து அளவெழுதுவதும் என் பொறுப்பு. 1956ஆம் ஆண்டு ஆனியில் உலகம்மாளுக்கு இழுப்பு வழக்கத்தைவிடக் கடுமையாக வந்தது. ஊசி போட்டார்கள், பொடி கொடுத்தார்கள். யாரோ அருவித் தண்ணீர் பட்டால் செத்தே போவாள் என்றார்கள். அவள் ஒருநாள் காலை முதல் பஸ்ஸில் என்னை இழுத்துக்கொண்டு குற்றாலத்துக்குப் போய், சிற்றருவியில் தலையைக் கொடுத்து நின்றுவிட்டாள். நான் பதறிப்போனேன். வெளியே வந்தவள் சாதாரணமாக மூச்சுவிட்டாள். "உள்ள நிக்கும்போது அவசரப்பட்டு இழுத்தா மூக்குல தண்ணிதான் ஏறுது. தலையத் தாழ்த்தி, தாடைக்குக் கீழ கொஞ்சம் இடம் இருக்குல்லா, அங்கன இருக்க காத்த மெதுவா, திருடுத மாதிரி எடுக்கணும். எடுத்தத ஒடனே விட்டுறக் கூடாது" என்றாள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. தண்ணீருக்குள் நின்று அவளே கண்டுபிடித்தது.

மறுநாளிலிருந்து அருவியில் நிற்பதற்கு முன்னால், பக்கத்துப் பாறையில் உட்கார்ந்து அதே மாதிரி மூச்சுவிட்டுப் பார்த்தாள். முகத்தில் காற்று அடித்தால் இருமல் வரும். அதனால் மேல்காற்றுக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே பார்த்து உட்கார்ந்தாள். நான் நூலகத்திலிருந்து ஆசனப் புத்தகம் ஒன்று எடுத்துவந்து, அதிலிருந்த நாலு எட்டுக் கணக்குகளைச் சொன்னேன். "அவன் நெஞ்சுக்கு அது சரியா இருக்கும். எனக்கு ஒம்பதுதான் நிக்குது" என்று தள்ளிவிட்டாள். அதில் அவள் பெரிதாகச் சொன்னது எண்ணிக்கையை அல்ல, கவனத்தை. "வேற ஒண்ணும் நெனைக்காம, போறதயும் வாறதயும் பாத்துக்கிட்டே இருக்கணும். அடுப்புல பாலை வச்சிட்டு நிக்குத மாதிரி." காற்று மாறினால் கணக்கு மாறும், ஆடியில் ஒன்று, புரட்டாசியில் ஒன்று. நான் பக்கத்தில் உட்கார்ந்து மழைப் பதிவேட்டு முறையில், கட்டம் கட்டி, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினேன். எட்டு மணிக்குள் தென்காசிக்குத் திரும்பி மழைமானியைப் பார்க்க வேண்டும் என்பதால் சுருக்கெழுத்து. மே.கா. என்றால் மேல்காற்று. சா. என்றால் சாரல். உ. என்றால் உலகம்மாள். அங்கே காது கிழிந்த ஒரு குரங்கு உண்டு. எங்கள் இட்லிப் பொட்டலத்தைக் குறிவைத்து, அவள் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் ஆனதும், பெரும்பாலும் ஏழாவது மூச்சில், பாறையில் இறங்கும். அவள் கண்ணைத் திறக்காமல் இடது கையால் பாறையைத் தட்டி "போ" என்பாள். அது போய்விடும். நான் எழுதுவேன்: "7இல் கு. வந்தது. இ. கை தட்டல்."

குற்றாலிங்கம் எங்களுக்குப் பழக்கமானது அந்த ஆடியில். ஆய்க்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ட்ரில் மாஸ்டர். நல்ல உடற்கட்டு, கழுத்தில் எப்போதும் ஒரு விசில். நூலகத்தில் நான் ஆசனப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அடுத்து எடுக்க நின்றவன். மறு ஞாயிறே பாறைக்கு வந்துவிட்டான். என்னை அண்ணாச்சி என்பான், அவளை மதினி என்பான். நெஞ்சை விரித்து அவன் மூச்சிழுப்பதைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு வரும். "என்ன கொழுந்தனாரே, பரேடுக்கா நிக்கியோ? காத்து என்ன ஒமக்குக் கைதியா?" என்பாள். அவன் கோபிக்க மாட்டான். "மதினி, நீங்க ஆம்பளையாப் பொறந்திருந்தா ஒரு மடமே கட்டியிருக்கலாம்" என்பான். இரண்டு சீசன் எங்கள் வீட்டில் சாப்பிட்டான். அவளிடம் கற்றான். எனக்குத் தம்பி இல்லை; அந்தக் குறையை மறந்திருந்தேன்.

இரண்டாம் ஆண்டு ஐப்பசியில், அடைமழை தொடங்கிய வாரம், அவன் வந்து நோட்டைக் கேட்டான். "மெட்ராஸ்ல நெஞ்சு டாக்டர் ஒருத்தரத் தெரியும், அண்ணாச்சி. இதக் காட்டி, மதினிக்கு நிரந்தரமா ஒரு வழி கேட்டுட்டு வாரேன். பத்து நாள்." உலகம்மாள்தான் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மஞ்சள் பைக்குள் வைத்து, மழையில் நனையாமல் இருக்க மேலே ஒரு வாழையிலையும் சுற்றிக் கொடுத்தாள். பத்து நாள் ஆயிற்று. கார்த்திகை ஆயிற்று. அவள் தபால்காரரைத் தினமும் விசாரித்தாள். ஆய்க்குடிக்குப் போய்க் கேட்டேன். வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அடுத்த ஆனியில் சாரல் இறங்கியபோது அவளுக்கு மறுபடி இழுத்தது. "போன வருசம் இந்தக் காத்துக்கு எத்தன நிறுத்தினேன்? பாத்துச் சொல்லுங்க" என்றாள். எனக்குத் தெரியவில்லை. எழுதிவிட்ட எதையும் நான் நினைவில் வைப்பதில்லை. அவளும் என் நோட்டை நம்பி எண்ணிக்கையை விட்டிருந்தாள். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கட்டிலில் படுத்தபடியே, ஒன்றிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கி, ஒன்பதைத் திரும்பக் கண்டுபிடித்தாள்.

இப்போது அந்த ஒன்பது லீட்ஸ் நூலக மாடியில் இருந்தது. வகுப்பு முடிந்ததும் பச்சைப் புத்தகத்தை இரவல் வாங்கி வந்தேன். அட்டையின் பின்பக்கம் படம். தாடியும் காவியும் புதிது. நெஞ்சை விரித்திருந்த விதம் பழையது. 'யோகி லிங்கம்' என்று பெயர். இமயமலையில், அருவிக்குப் பின்னால் ஒரு குகையில் இருந்த பெயரில்லாத முனிவர் ஒருவர், தமக்கு ஓலைச்சுவடியில் இதை அருளினார் என்று முன்னுரை. சமையலறை மேசையில் உட்கார்ந்து அதைத் தமிழில் சொல்லச் சொல்ல, உலகம்மாள் உருளைக்கிழங்கு தோலை உரித்துக்கொண்டே கேட்டாள். கிழக்கு பார்த்து உட்கார்வது ஆதி ரகசியமாம். சுவடியில் 'கு.' என்று சுருக்கமாக இருப்பது குண்டலினியாம். ஏழாவது மூச்சில் அது எழுந்து வருமாம், அப்போது இடக்கையால் பூமியைத் தட்டி வரவேற்க வேண்டுமாம். அவள் சிரித்தாள். "காது கிழிஞ்ச குண்டலினி. இட்லி திங்கிற குண்டலினி." அடுத்த பக்கத்தைப் படித்தேன். 'உ. 6–12–9.' கீழே விளக்கம்: 'உ. என்பது உதானன் என்னும் மேல்நோக்கிய வாயுவைக் குறிக்கும்.' அவள் கையில் கத்தி நின்றது.

"அப்படின்னா?"

"உன்னைக் காற்று என்று எழுதிவிட்டான்."

"நான் எங்க இருக்கேன் அதுல?"

"எங்கேயும் இல்லை."

நான் அவனை வாயில் வந்தபடி ஏசினேன். துரோகி என்றேன், நன்றி கெட்டவன் என்றேன், வழக்குப் போடுவேன் என்றேன். அவள் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அவன் திருடுனது பெறவு. உ.ன்னு எழுதுனது ஆரு?" எட்டு மணிக்குள் திரும்ப வேண்டியிருந்தது, அவசரம், எழுத்து மிச்சம் என்று ஏதேதோ சொன்னேன். "மழைக்கு மட்டும் எத்தன அங்குலம், நூத்துல எத்தன பங்குன்னு முழுசா எழுதுனிய. முதல் பக்கத்துல ஒரு தடவையாவது எம் பேரை எழுதியிருக்கலாம்லா. நான் ஒங்க பேரைச் சொல்ல மாட்டேன், அது ஊர் வழக்கம். நீங்க எம் பேரை எழுதாம விட்டது எந்த ஊர் வழக்கம்?" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. உருளைக்கிழங்கை எடுத்து மறுபடி உரிக்கத் தொடங்கினாள். முப்பத்து மூன்று நாட்குறிப்புகளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்திருக்கிறேன். மறுநாள் பெட்டியைத் திறந்து பார்த்தேன். எங்கள் கல்யாண நாளில்கூட 'உ. வந்தாள்' என்றுதான் இருக்கிறது.

புத்தகம் போட்டவர்களின் முகவரிக்கு அவனுக்கு நான்கு பக்கம் கடிதம் எழுதினேன். தேதி வாரியாக எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, இந்த முறையைக் கண்டவள் தென்காசி உலகம்மாள் என்று அடுத்த பதிப்பில் அச்சிட வேண்டும் என்று கேட்டேன். ஆறு வாரம் கழித்து அமெரிக்கத் தபால்தலையோடு ஓர் அட்டை வந்தது. திரும்ப எழுத முகவரி இல்லை. "அண்ணாச்சி, மதினி சௌக்கியமா? நம்ம நோட்டு உலகத்துக்கே உதவுது. உங்க ரெண்டு பேரையும் மனசுல வச்சுத்தான் முனிவர்னு எழுதுனேன். கோபிக்கக் கூடாது." படித்துக் காட்டினேன். "சோறு போட்டதுக்கு நம்மளக் குகைக்குள்ள தள்ளிட்டான்" என்றாள். அட்டையை என்ன செய்யலாம் என்று கேட்டேன். "நோட்டை மெட்ராஸ் டாக்டர்ட்டக் காட்டுனானா இல்லையான்னு அதுல எழுதியிருக்கா?" இல்லை என்றேன். "அத மட்டும் தெரிஞ்சுக்கிட்டா போதும்னு இருந்தேன்" என்றாள். அத்தனை வருடம் கழித்தும் அவள் அந்தப் பதிலுக்குக் காத்திருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இனி அந்த வகுப்புப் பக்கம் போக மாட்டாள் என்று நினைத்தேன். அடுத்த செவ்வாய் அவளே கோட்டை மாட்டிக்கொண்டு நின்றாள். "எம் மூச்சு அங்கன இருக்கு. நான் ஏன் போகாம இருக்கணும்?" வாசலில் மிஸ் க்ளார்க் வருகைப் பதிவேடு வைத்திருந்தாள். பெயர் கேட்டாள். உலகம்மாள் சொன்னாள். மறுபடி கேட்டாள், மறுபடி சொன்னாள். மூன்றாவது தடவைக்கு மிஸ் க்ளார்க் மன்னிப்புக் கேட்கும் பாவனையில் சிரித்து, ஆங்கிலத்தில் 'மிஸஸ் யு.' என்று எழுதினாள். யு. என்பது இங்கே உ. நான் குனிந்து, அவள் கையிலிருந்த பேனாவை வாங்கி, அந்த ஓர் எழுத்தை அடித்து, பக்கத்தில் இடம் போதாமல் அடுத்த கட்டத்துக்குள்ளும் போகும்படி, உலகம்மாள் என்று தமிழில் முழுதாக எழுதினேன். பிறகு ஆங்கிலத்திலும் எழுதினேன். மிஸ் க்ளார்க் பேனாவைச் சற்று விரைவாகவே திரும்ப வாங்கிக்கொண்டாள். உலகம்மாள் குனிந்து பார்த்துவிட்டு, "ள் எழுத்து கோணலா இருக்கு" என்று சொல்லி உள்ளே போனாள்.

அன்று அவள் கிழக்கு பார்த்து உட்காரவில்லை. சாத்திய சன்னலில் ஒரு விரற்கடை இடுக்கு இருந்தது. அதற்கு முதுகைக் காட்டி, தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கமாக உட்கார்ந்தாள். மூச்சு எண்ணப்பட்டது. ஏழாவது வந்தது. எல்லோரும் தரையைத் தட்டினார்கள். பழக்க தோஷம், அவளும் தட்டினாள். தட்டியதோடு, பாறையில் சொல்வது போலவே, "போ" என்றாள். மிஸ் க்ளார்க் கண்ணைத் திறந்தாள். இந்தச் சொல் புத்தகத்தில் இல்லையே, இது என்ன மந்திரம் என்று பயபக்தியோடு என்னைக் கேட்டாள். இதுதான் சமயம் என்று எழுந்து நின்று, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். இது மந்திரம் இல்லை. ஒரு குரங்கு வந்தது. இதோ இருக்கிற என் மனைவி அதை விரட்டினாள். அந்தப் புத்தகத்தில் இருப்பது இவளுடைய மூச்சு. மிஸ் க்ளார்க் கண்ணில் நீர் துளிர்க்க மெல்லத் தலையசைத்தாள். "குரங்கு. ஆமாம், நம் மனத்தைத்தானே சொல்கிறீர்கள்? எவ்வளவு அழகு!" என்றாள். மற்ற பெண்களும் தலையசைத்தார்கள். இல்லை அம்மா, வால் இருந்தது, காது கிழிந்திருந்தது என்று சொன்னேன். அதற்கும் தலையசைத்தார்கள்.

"என்ன சொல்லுதா?" என்று உலகம்மாள் கேட்டாள். சொன்னேன். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, சத்தம் வராமல், தோள் குலுங்கச் சிரித்தாள். அவளுக்கு இழுப்பு வந்துவிடுமோ என்று எனக்குப் பயம். வரவில்லை. ஒன்பது எண்ணி வெளியே விட்டாள்.

அன்றிலிருந்து லீட்ஸில் செவ்வாய்தோறும் அப்படித்தான் நடக்கிறது. நான் பின்னால் என் நாற்காலியில் உட்கார்ந்து, தேதி போட்டு, உலகம்மாள் என்று முழுப் பெயரும் எழுதிக் குறிப்பெடுக்கிறேன். பஸ் நிற்குமிடத்துச் சுவரில் சாக்குக்கட்டி எழுத்து மழையில் அழிந்துபோய், மறுபடி யாரோ எழுதியிருக்கிறார்கள். மாடியில் ஏழாவது மூச்சு வரும்போது, இருபது வெள்ளைக்காரப் பெண்கள் கண்ணை மூடி, இடது கையால் தரையைத் தட்டி, மிகுந்த அன்போடு, எங்கள் மொழியில், "போ, போ" என்கிறார்கள். எங்கே என்றுதான் யாரும் சொல்வதில்லை.